விழாத் தண்ணீர்

கரிசக்குளத்தில் குழாயைத் திறந்துவைத்த மந்திரி காரில் ஏறியதும், வழக்கம்போல் லாரி வந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டது. மாவட்டத்துக்கே இருப்பது அந்த ஒரு லாரித் தண்ணீர்தான். அதை வைத்துத்தான் இருபது வருடமாக ஊர் ஊராகத் திறப்பு விழா நடக்கிறது.

இருளாயி மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரை முந்தானைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். காய்ச்சலில் கிடக்கும் புருஷன் காத்தமுத்துவுக்கு மூன்று நாளாக நாக்கு நனையவில்லை.

கட்டிலருகே போவதற்குள், லாரித் தண்ணீரை அளக்கும் அளவு அதிகாரி வாசலில் வந்து நின்றார். அவருக்கு வேர்த்து வழிந்தது. வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது அந்த ஊர்ப் பழக்கம். இருளாயியின் கை தன்னால் நீண்டது.

"தண்ணி குடிங்கய்யா."

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அளவுல ஒரு சொம்பு குறையுதும்மா. யார் குடிச்சது?"

"நீங்கதான்யா! இப்பத்தானே, என் கண்ணு முன்னால!"

"அதிகாரி குடிச்சா அது ஆய்வு. உன் வீட்டுச் சொம்பு, நீதான் பொறுப்பு. குடிச்சதைத் திருப்பிக் குடு. அடுத்த ஊர்ல மந்திரி காத்திருக்காரு."

"குடிக்காத வயித்துல இருந்து என்னத்தய்யா குடுக்க?"

"வேர்வை, கண்ணீர், எதுன்னாலும் லாரிக்குச் சம்மதம்."

உள்ளே காத்தமுத்து, "ஒரு வாய் தண்ணி..." என்று முனகினான்.

இருளாயி வறண்ட தொண்டையின் அடியிலிருந்து எச்சிலைத் திரட்டி, அதிகாரியின் முகத்தில் காறித் துப்பினாள்.

அவர் கோபப்படவில்லை. கன்னத்தில் வழிந்ததை அளவுக் குடுவையில் பதமாக வழித்தெடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மூணு மில்லி ஆச்சு," என்றார். "மீதியையும் துப்பும்மா."