வலிக்கு எத்தனை?

டிக்... டிக்... டிக்...

சுவர்க் கடிகாரம் என்றுதான் முதலில் நினைத்தார் சலூன்காரர். அப்புறம்தான் தெரிந்தது, சத்தம் வருவது தன் உள்ளங்காலில் ஒட்டியிருந்த வயரின் மறுமுனைப் பெட்டியிலிருந்து.

நாலு வருஷமாகக் கால் எரிச்சல். நரம்புக் கோளாறு, ஆபரேஷனுக்கு முன்னால் பத்து நாள் கரன்ட் வைத்துப் பார்ப்போம் என்றார் பெரிய டாக்டர். ஊரார் கழுத்திலெல்லாம் கத்தி வைப்பவருக்குத் தன் காலில் கத்தி என்றதும் வேர்த்துக் கொட்டிவிட்டது.

கடையில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் வந்தவர் உட்காருவார், இவர் நிற்பார். காலையிலிருந்து இருட்டும் வரை. கால் போனால் கடை போச்சு என்று சொல்லிச் சொல்லியே மனைவி இங்கே தள்ளிவிட்டிருந்தாள்.

பிசியோதெரபி பெண் ஆரம்பத்திலேயே கேட்டாள், வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை போடலாம் என்று. எட்டு என்றார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பெட்டியின் திருகைக் கூட்டுவதும் குறைப்பதும்.

பத்து நிமிஷம் போயிற்று. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததே தவிர எரிச்சல் இம்மியும் அசையவில்லை. வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இது வேலைக்கு ஆகாதும்மா. நான் கிளம்பறேன்."

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"அவசரப்படாதீங்க தம்பி. எனக்கு எட்டு இருந்தது, இன்னிக்கு ஆறு."

திரைக்குக் கீழே, கழற்றி வைத்த ஒரு ஜோடி பெரிய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. ஏதோ கட்டடத்து வாசலில் நாள் பூரா நிற்கிற காவலாளி என்று பெண் சொன்னாள்.

சலூன்காரருக்குச் சுருக்கென்றது. யார் என்ன சொன்னாலும் அதற்கு மேல் ஒன்று சொல்லாமல் விட்டவரில்லை அவர். வந்தவர் வீட்டில் பாம்பு புகுந்தது என்றால், இவர் வீட்டில் அது குடும்பத்தோடு புகுந்திருக்கும். கத்தி இவர் கையில் இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுபடி படுத்துக்கொண்டார்.

மறுநாள் பூட்ஸ்காரர் அஞ்சு என்றார். பெண் கேட்பதற்குள் இவர் நாலு என்றார். அவள் சந்தோஷமாகத் திருகைக் குறைத்தாள்.

அதற்கடுத்த நாள் அவர் மூணரை என்றார். அரையெல்லாம் கிடையாது என்று பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் மூணு என்று முந்திக்கொண்டார்.

அஞ்சாம் நாள் பூட்ஸ்காரர், காலா பஞ்சா என்று சந்தேகமாக இருக்கிறது, ஒண்ணு போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"எனக்குப் பூஜ்யம்" என்றார் சலூன்காரர்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பெண் கைதட்டினாள். வயரைக் கழற்றினாள். அட்டையில் 'குணம்' என்று எழுதி, மிச்ச நாளெல்லாம் வர வேண்டாம் என்று அனுப்பிவைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, நல்லா இருங்க தம்பி என்று வாழ்த்து வந்தது. தோற்றுப்போன வயிற்றெரிச்சல் என்று இவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு வாசற்படி வரைதான். தெருவில் கால் வைத்ததும் தணலில் வைத்த மாதிரி இருந்தது.

வீட்டில் மனைவி அட்டையைப் பார்த்தாள். தண்ணீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த புருஷனையும் பார்த்தாள். கறந்து கறந்து கேட்டதில் முழுக் கதையும் வெளியே வந்தது.

"வலியில கூடவா போட்டி? அந்தப் பீத்தல்காரர் அடிச்சு விட்டா, நீங்களும் அடிச்சு விடணுமா? நாளைக்குப் போய் அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்றீங்க. இல்லேன்னா நான் வந்து சொல்லுவேன்."

அவள் வந்து சொல்வதைவிடக் கரன்ட்டே மேல். மறுநாள் போனார். அறை வாசலில், என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றபோது உள்ளே பூட்ஸ்காரர் பேசுவது கேட்டது.

"எட்டும்மா."

"நேத்து ஒண்ணுன்னீங்களே?" என்றாள் பெண்.

"நேத்தும் எட்டுதான். முதல் நாளும் எட்டுதான்."

"அய்யோ, நீங்க சொன்ன நம்பரை வச்சுத்தானே கரன்ட்டைக் குறைச்சுட்டே வந்தேன்?"

"குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுது. அந்த சலூன் தம்பி வயரைப் பிடுங்கிட்டுக் கிளம்பினாரு இல்ல? மனசு விட்டுட்டா எந்த வைத்தியம் பலிக்கும்? எனக்குக் குறையுதுன்னு காதுல விழுந்தா, நம்பிக்கையா நாலு நாள் படுப்பாரேன்னு சொல்லிவச்சேன்." கரகரத்த குரலில் ஒரு சிரிப்பு. "பாத்தீங்களா, அவருக்குப் பூஜ்யமே ஆயிடுச்சு."

அந்தக் குரலிலிருந்த பெருமை சலூன்காரருக்குப் பழக்கமானது. நன்றாக வெட்டி முடித்த தலை, கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது இவருக்கு வருகிற அதே பெருமை.

இப்படியே திரும்பினால் தன் கால் போகும். உள்ளே போய்ச் சொன்னால் அந்த மனுஷருடைய சந்தோஷம் போகும்.

திரையை விலக்கி வந்த பெண் அவரைப் பார்த்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் உதட்டில் விரலை வைத்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கி எட்டு விரல் காட்டினார்.

அவள் அந்த விரல்களையே பார்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள். காலியாகக் கிடந்த கட்டிலைக் காட்டினாள்.

பூனை மாதிரிதான் ஏறினார். கட்டில்தான் கிரீச்சென்று காட்டிக்கொடுத்தது.

"பக்கத்துல யாரும்மா?"

"புது ஆளுங்க" என்றாள் பெண்.

அந்தப் பக்கம் பூட்ஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. இன்னிக்குக் காலையில எழுந்து நடக்கறேன், எனக்குப் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு."

சலூன்காரர் இந்தத் தடவை முந்திக்கொள்ளவில்லை. மேஜையிலிருந்த ஈரப் பஞ்சை எடுத்து, வயர் ஒட்டுவதற்கு வாகாக உள்ளங்காலைத் துடைக்க ஆரம்பித்தார்.