அசைவு: இல்லை

மணிபாரதி நீட்டிய நோட்டை டாக்டர் வாங்கினார். ஆனால் பிரிக்கவில்லை, மேசை ஓரமாக வைத்துவிட்டார்.

நூற்றுப் பதின்மூன்று நாள் உழைப்பு அது.

தினமும் காலை ஆறரைக்கு, டீ குடிப்பதற்கு முன்னால், இரண்டு கைகளையும் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பான். செல்போனில் இரண்டு நிமிடக் கடிகாரம் ஓடும். முடிந்ததும் நோட்டில் தேதி, தூங்கிய நேரம், அதன் கீழே 'அசைவு: இல்லை.'

நாற்பத்தோராம் நாள் மட்டும் 'சந்தேகம்' என்றிருக்கும். அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி நின்று பார்த்து, பக்கத்தில் 'காற்றுதான்' என்று குறித்தான். மனசு ஆறாமல் அதற்கும் கீழே 'காற்றுதானா?' என்று எழுதினான்.

"இன்னாங்க, பஸ்ஸ நிறுத்தறீங்களா?" என்று முதல் வாரத்தில் மனைவி சத்யா சிரித்தாள். அப்புறம் அந்த நேரத்தில் அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

பயம் அப்பாவிடமிருந்து வந்தது.

அபிஷேகப்பாக்கத்தில் அப்பா சின்னதம்பி பத்து வருஷம் ஆடினார். முதலில் விரல், பிறகு தோள், பிறகு நடை. புதுச்சேரியில் தள்ளாடுகிறவனைப் பார்த்து யாரும் மூளையை நினைப்பதில்லை.

"இன்னா சின்னதம்பி, காலையிலயே ஏத்திக்கினியா?" என்பார்கள் வரப்பில் போகிறவர்கள்.

சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். "நான் எங்கடா ஆடறேன்? ஒங்க கண்ணுதான் ஆடுது" என்பார். அதைக் கேட்டு இன்னும் சிரிப்பார்கள்.

அவர் செத்து ஐந்து வருஷம் கழித்து, பாகூரில் உளவியல் மாலை வகுப்பில் மூளைப் பாடம் நடந்தபோதுதான் மணிபாரதிக்கு விஷயம் பிடிபட்டது. அப்பாவின் ஆட்டம் அச்சு அசலாகப் புத்தகத்தில் இருந்தது. உடம்பின் அசைவுகளை அடக்கி வைக்கும் நரம்பு செல்கள் மூளைக்குள் ஆழத்தில் இருக்கின்றனவாம். ஒரு மரபணுவில் பிழை இருந்தால் நடுவயதில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகுமாம். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அவனுக்கு முப்பத்தொன்று. சத்யாவுக்கு ஐந்தாம் மாதம்.

டாக்டர் நோட்டைப் புரட்ட வேண்டும், ஒன்றுமில்லை வீட்டுக்குப் போ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுக்காகத்தான் இரண்டு பஸ் மாறி, சத்யாவையும் அழைத்துக்கொண்டு இந்த மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்தான்.

"கண்ண மூடிக்குங்க தம்பி" என்றார் டாக்டர். "கைய நீட்டுங்க. நூறுலேர்ந்து ஏழு ஏழா கொறச்சிக்கினே வாங்க."

கணக்கா? அவன் இதற்குத் தயாராகி வரவில்லை. இப்படி ஒரு சோதனை தன் நோட்டில் இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது.

ஐம்பத்தொன்றில் ஒரு கணம் தடுமாறி, நாற்பத்து நான்கைப் பிடித்துவிட்டான். அப்புறம் வண்டி ஓடியது. முப்பத்தேழு, முப்பது, இருபத்து மூன்று, பதினாறு, ஒன்பது, இரண்டு. ஒரு தப்பு இல்லை. பல மாதங்களில் முதல்முறையாக மூச்சு நிறைய இழுத்துவிட்டான். மூளை நன்றாகத்தான் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. சத்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளாம்மா இப்பிடி?"

எப்படி என்று மணிபாரதிக்கு விளங்கவில்லை. நீட்டியிருந்த கைகளைப் பார்த்தான். அவன் பார்க்கும்போது அவை சும்மாதான் இருந்தன.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சார்" என்றாள் சத்யா. "காபி டம்ளர வாங்கறப்ப வெரலு ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடிச்சி. கூச்சப்படறாருன்னு நெனச்சேன். அதப் பாத்துதான் புடிச்சிருக்குன்னு சொன்னேன்."