பத்தாம் தேதிக் காய்ச்சல்

"காய்ச்சல்கூட நாள் பார்த்துத்தான் வருது பாத்தியாம்மா?" என்றாள் பாப்பா, போட்ட செருப்பைக் கழற்றி மூலையில் வீசிவிட்டு.

உள்ளே கட்டிலில் அப்பா முனகிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். கல்லூரி முடிந்து, கிடைத்த வேலையில் சேர ஒரு வருஷம் அவகாசமும் வாங்கிவிட்டாள். அந்த ஒரு வருஷமும் உகாண்டாவில். ஏரிக்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஆறு மாதம் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் சாப்பாடும் தங்க இடமும் அவர்கள் பொறுப்பு. மீதி ஆறு மாதம் பஸ் மாறிப் பஸ் ஏறி நாட்டைச் சுற்ற வேண்டியதுதான். நைல் நதி புறப்படும் இடம், கொரில்லா இருக்கும் மலைக்காடு என்று எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அந்தத் தாளின் முன்னால் நிற்பார். பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போவார். பஸ்ஸுக்கு ஒன்று, படகுக்கு இரண்டு, கொரில்லாவுக்கு மூன்று.

"கொரில்லா உங்களை என்னப்பா பண்ணுச்சு?"

"என்ன பண்ணும்னு தெரியாமத்தானே கேள்விக்குறி போட்டிருக்கேன்."

'மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி' என்ற வரிக்கு வந்தபோதுதான் அவர் முகம் வெளுத்தது.

"ஊசியா?"

"உங்களுக்கு இல்லப்பா. எனக்கு."

பல் டாக்டர் ஊசியை எடுத்ததைப் பார்த்து, வாயில் பஞ்சோடு வீட்டுக்கு ஓடிவந்த மனுஷன் அவர்.

"போட்டா ஒண்ணும் ஆகாதே?"

"சில பேருக்குக் கொஞ்சம் படுத்துமாம். வேற ஒண்ணும் இல்லன்னு இன்டர்நெட்ல போட்டிருக்கு."

"லிஃப்டுலகூடத்தான் எட்டுப் பேர் ஏறலாம்னு போட்டிருக்கும். ரிப்பேர் பாத்தா முதல்ல நான் மட்டும் ஏறி, மேலயும் கீழயும் நாலு தடவை போய் வந்துட்டுத்தான் மத்தவங்களை ஏத்துவேன்."

எதை ஆரம்பித்தாலும் கடைசியில் லிஃப்டில் கொண்டுபோய் நிறுத்துவது அவர் வழக்கம். பாப்பா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ஊசியை ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை மட்டும்தான் போடுவார்கள். போட்டுக்கொண்ட சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள்; போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அதுவும் செல்லும். விமானம் இருபத்தெட்டாம் தேதி.

மூன்றாம் தேதி வியாழனன்று கிளம்பியவளை, "இந்த வாரம் வேண்டாம். அடுத்த வாரம் போ" என்று அப்பா தடுத்துவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சரி, ஒரு வாரம்தானே என்று விட்டுவிட்டாள்.

பத்தாம் தேதி பார்த்தால், இப்படிக் கட்டிலில் கிடக்கிறார்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "லேசாத்தான் சுடுது. அதுக்கு இவ்வளவு முனகலா?"

"உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. பாப்பா, நீ இன்னிக்கும் போகாத. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"நீங்க படுத்திருக்கிறதுக்கும் நான் ஊசி போட்டுக்கிறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

அப்பா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

அவள் ஹாஸ்டலில் சேர்ந்தபோதும் இப்படித்தான். ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றார். லீவுக்கு அவள் வந்து இறங்கியதும் கழுத்து தானாகத் திரும்பியது.

"நாளைக் கடத்துறாரும்மா. இன்னும் ஒரு வியாழக்கிழமைதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா என் பயணமே போச்சு."

"காய்ச்சலோட இருக்கிறவரை விட்டுட்டு எப்படிடி போவ?" என்றாள் அம்மா. பாப்பா போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பாவோடு பேசவும் இல்லை. தண்ணீர் டம்ளரைக்கூட 'டங்' என்றுதான் வைத்தாள்.

நாலு நாளில் அவர் எழுந்துவிட்டார். பதினாறாம் தேதி மாலை இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டுவிட்டு, ரப்பரோடு ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றார். தடுப்பூசிக்குப் போட்ட கேள்விக்குறியை அழித்தார்.

"பாப்பா, நாளைக்குப் போய்ப் போட்டுக்கோ. ஒண்ணும் ஆகாது."

"நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு போல" என்று முணுமுணுத்தாள் பாப்பா. அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுடைய படிவத்தைப் பார்த்தவள், நிமிர்ந்து அவளையும் ஒரு தடவை பார்த்தாள்.

"ரெண்டு வாரம் முன்னாடி இதே அட்ரஸ்ல இருந்து ஒருத்தர் வந்தாரே. காக்கிச் சட்டை, பாக்கெட்ல ஸ்க்ரூ டிரைவர்."

"அப்பாவா? இங்க எதுக்கு வந்தார்?"

"எதுக்கு வருவாங்க? இந்த ஊசி போட்டுக்கத்தான். பாவம், ஊசியைப் பார்த்ததுமே மயங்கி இந்த நாற்காலியிலேயே சாஞ்சுட்டார். தண்ணி தெளிச்சு எழுப்பினா, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, 'இப்பப் போடுங்க'ன்னார். ஒரு வாரத்துல காய்ச்சல் வரலாம்னு சொல்லி அனுப்பினோம். வந்துச்சா?"

பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆமா, அவர் எப்பக் கிளம்பறார்? படிவத்துல பயணத் தேதியே எழுதல. டாக்டர் கேட்டதுக்கு, 'முதல்ல நான் ஏறிப் பாத்துட்டுத்தான் சார் மத்தவங்களை ஏத்துவேன்'னார். எங்க யாருக்கும் ஒண்ணும் புரியல."