டிஸ்க் போடாத பெட்டி

யூனிஸ் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றியதும் காந்தா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே டீ கொதித்துக்கொண்டிருந்தது.

ஹாலில் அவள் கணவர் அப்பாதுரை நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பிரிந்து கிடந்த சி.டி. பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி சரியில்லை என்று சிவாஜிநகர் ரிப்பேர் கடையிலிருந்து யூனிஸை வரவழைத்தது அவர்தான். என்ன சரியில்லை என்று காந்தாவிடம் சொல்லவில்லை.

அவள் கேட்கவும் இல்லை. கெடுத்தது தான்தான் என்று நினைத்திருந்தாள்.

போன வாரம் வீணாவின் பிறந்த நாள். அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும், பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த டிஸ்க்கை எடுத்து அதில் போட்டாள். பெட்டி சுற்றியது. கிறீச்சிட்டது. பாடவில்லை. பயந்துபோய் டிஸ்க்கை உருவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

வீணா அவர்களுடைய ஒரே மகள். வீட்டில் சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றைக்கு அப்பாதுரை, அவள் பாடிப் பதிவு செய்திருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக முறித்துப் போட்டார். இனி அந்தக் குரல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றார். காந்தாவால் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு வேறு வேலை வந்தது. கம்ப்யூட்டரை அதில் இணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாயந்திரமெல்லாம் பழைய பாட்டு கேட்பார். கம்ப்யூட்டர் பாட்டை நல்ல சத்தமாக்கிக் கொடுக்கத்தான் பெட்டி, டிஸ்க் போட இல்லை என்பார்.

யூனிஸ் தான் கொண்டுவந்த டிஸ்க் ஒன்றைப் போட்டாள். சுற்றியது, திக்கியது, நின்றது. மீட்டர் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"டிஸ்க்கைப் படிக்கிற லேசர் தேஞ்சு போச்சு அங்கிள். கம்ப்யூட்டர் பாட்டுக்கு லேசர் எரியவே எரியாது, டிஸ்க் சுத்தினாதான் தேயும். வீணா இருக்கறப்போ நான்தானே புதுசு போட்டேன்? இது டெய்லி ஓடியிருக்கு."

அந்தப் பெயரைக் கேட்டதும் காந்தா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கத்துவார்.

அவர் கத்தவில்லை. யார் போட்டது என்று கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

ஒரே ஒரு தடவை போட்டதற்கா தேயும்?

வீட்டில் இருப்பதும் ஒரே ஒரு டிஸ்க்.

பின்னால் டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. காந்தா நகரவில்லை.

கம்ப்யூட்டர் பாட்டுக்கு இந்தப் பெட்டி இப்படியே போதும், அநாவசியமாக லேசரை எதற்கு மாற்ற வேண்டும் என்று சொல்லி, யூனிஸ் மூடியை எடுத்து வைத்து முதல் திருகை முடுக்கத் தொடங்கினாள்.

அப்பாதுரையின் கை நீண்டு மூடியைப் பிடித்துக்கொண்டது.

"இல்லம்மா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "புது லேசரே போட்டுடு."