வடமலை செய்த மணி

சுங்கை சிப்புட் மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்க, வடமலை தன் சிந்தசைசர் கட்டையில் விரலை வைக்கிறான். ஈப்போ கடைக்காரன் அந்தப் பெட்டியோடு ஊர்ப்பட்ட ஓசைகளைத் தந்தான். கோயில் மணி மட்டும் இல்லை. இல்லாத சரக்கை நாமே இறக்குவோம் என்று, தங்கை கோகிலத்தின் கல்யாணத்துக்காக மாதக்கணக்கில் எண்களை மாற்றி மாற்றித் தட்டி, விரலை எடுத்த பிறகும் நாதம் இழுத்து அடங்கும்படி அவன் செய்த மணி இது. பெட்டியின் சின்னக் கண்ணாடித் திரையில் அதற்குத் தங்கையின் பெயரே மின்னுகிறது. ணங்ங்ங் என்று அது எழும்பியதும் தவில் தடுமாறி ஓய்கிறது. படம் பிடிப்பவனின் வெள்ளை வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் கை தாலியோடு பாதியில் நிற்கிறது. பின்வரிசைக் கிழவர்கள், தெருவில் பிணம் போனால் எழுவதுபோல், தம்மையறியாமல் எழுந்துவிடுகிறார்கள். தூணோரம் நிற்கும் அம்மா தன் வெற்றுக் கழுத்தைத் தடவுகிறாள். முந்தின வருஷம் அப்பாவின் பாடைக்கு முன்னால் எஸ்டேட் பாதை நெடுக அடித்துப்போன சேகண்டி, அச்சு அசலாக இதுதான். அதைத்தான் வடமலையின் காது கோயில் மணி என்று நம்பித் தேடித் தேடிச் செய்திருக்கிறது. கோகிலம் குனிந்த தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்க்கிறாள்.

"மச்சான், சாவு மணிலா இது! கைய எடுலா!" கித்தார்க்காரன் ராஜு பல்லைக் கடிக்கிறான்.

"எடுத்துட்டேன்லா," என்று, மணி இன்னும் இழுத்துக்கொண்டிருக்க, வடமலை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுகிறான்.