மூன்று லீட்டர் காற்று

"ரெண்டும் சேந்து பொய் சொல்லுது தம்பி. பிழையெண்டு எழுதித் தந்திட்டுப் போங்கோ."

உள்ளே வந்த தர்மிகனைக் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டார் பூரணி அன்ரி. ரெண்டும் என்றது, அம்மருட் என்ற அந்த ஊர்க் கிளினிக்கில் நோயாளிகள் ஊதும் மூச்சு மெசினையும், அதைச் சரிபார்க்கச் சரியாக மூன்று லீட்டர் காற்றுத் தள்ளும் முழ நீளச் சிரிஞ்சையும். பதினாறு வருடமாக அவர் பொறுப்பில் இருப்பவை. இவற்றைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பதுதான் தர்மிகனின் வேலை.

"பாக்காமல் எப்பிடி அன்ரி எழுதுறது?"

சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினார். மெசினை நம்பலாமோ என்று பார்க்க ஒவ்வொரு திங்களும் ஊதி எடுத்த இலக்கங்கள். செப்டெம்பரில் மூன்று லீட்டருக்கு மேல் நின்றது, பெப்ரவரியில் இரண்டுக்கு இறங்கியிருந்தது.

"ஒரே ஆள்தானே ஊதுறது?"

"ஓம். ஒரு நோய் வருத்தமும் இல்லாத ஆள்."

"அப்ப மெசின்தான் கள்ளன். இல்லாட்டி சிரிஞ்ச் ஒழுகுது," என்று சிரித்தான்.

அன்ரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த அறைக்கு ஓடிப்போய்ச் சிரிஞ்சைத் தூக்கிவந்தவர், கதிரையில் அமர்ந்து மூச்சு வாங்கினார். "வெளியிலை மைனஸ் பதினாலு. குளிர் நெஞ்சுக்கை போயிட்டுது," என்றார்.

தர்மிகன் சிரிஞ்சின் வாயை அடைத்து அமுக்கினான். ஒழுகவில்லை. தன் பெட்டியிலிருந்த அளவுக்கருவியில் கொழுவித் தள்ளினான்: மூன்று லீட்டர். மெசினில் கொழுவினான்: மூன்று. வேகமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் அதே சனியன் மூன்றுதான்.

"இன்னொருக்காப் பாருங்கோ தம்பி."

ஏழு தரம் பார்த்தான். பாவம், மேலிடத்தில் பேச்சு விழும் என்று பயப்படுகிறார் போல. வயிற்றில் பால் வார்ப்பதாக நினைத்துச் சொன்னான்.

"பயப்பிடாதேங்கோ அன்ரி. சிரிஞ்ச், மெசின் ரெண்டும் பெர்ஃபெக்ட். உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

அன்ரி மேசையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான் திக்கென்றது.

"ஐயோ, அப்ப ஊதுற ஆளுக்கெல்லோ வருத்தம்! ஆரன்ரி அது? உடனை டொக்டரிட்டை அனுப்புங்கோ."

"பதினாறு வருசத்திலை, இப்பிடி இறங்கின மூச்சுத் திரும்ப ஏறினதை நான் காணேல்லை." கண்ணைத் துடைத்தார்.

"நான்தான் தம்பி ஊதினனான்."