இன்னும் கொஞ்ச நேரம்

"இந்த வாரமும் ஒரு போன் கிடையாது, ஹைடி. அப்பன் இருக்கானா செத்தானான்னு கேட்க ஒரு குரல் இல்லை."

டோனட் கடையின் கார் நிறுத்துமிடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே நின்று டெரிக் பொரிந்தான்.

விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் ஹைடியிடம். ஞாயிறு மதியம் இந்த இடத்தில்தான் கைமாறுவார்கள். பிரிந்தவர்களுக்குச் சண்டை போடக்கூட வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறது.

பத்து வயது டெஸ்ஸாவும் ஆறு வயது தம்பி வெஸ்லியும் கடைக்குள் டோனட் தேர்ந்தெடுத்துக் கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியே இருவரின் கம்பளித் தொப்பிகளும் தெரிந்தன.

"நான் யாரையும் தடுக்கலை, டெரிக்."

"தடுக்க வேண்டாமே. கரைப்பார் கரைச்சா கல்லும் கரையும். சின்னப் பிள்ளைங்க மனசு எம்மாத்திரம்?"

ஹைடி பிள்ளைகளின் பனிக்கால பூட்ஸையும் ஹாக்கி பையையும் அவன் காரில் ஏற்றினாள்.

"நீ கூப்பிட்டிருக்கலாமே?" என்றாள், மெதுவாக.

"நானா கூப்பிட்டா கடமைக்கு ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அவங்களுக்கா தோணணும். தோண விட்டாத்தானே? நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போறேன். பிள்ளைங்க முழு நேரமும் என்கிட்டதான் இருக்கணும்னு கேட்கப் போறேன்."

ஹைடியின் முகம் வெளுத்தது. கையில் இருந்த டேப்லெட்டை நீட்டினாள். "இதுவும் உன்னோடது. சார்ஜ் போட்டிருக்கேன்."

இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக டெரிக் வாங்கிக் கொடுத்தது அது. எந்த வீட்டில் இருந்தாலும் அதன் பூட்டு, சாவி எல்லாம் அவன் போனில்.

"இதையே எடுத்துக்கோ," என்றான், விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு. "நான் மட்டும் பூட்டு போடலைன்னா, உன் வீட்டுல பொழுதுக்கும் இதைத்தான் நோண்டிட்டு இருப்பாங்க. சாயங்காலம் சாப்பாட்டு வேளை வந்தா போதும், விளையாட்டு, வீடியோ, அரட்டை எல்லாத்தையும் மொத்தமா இழுத்துப் பூட்டிடுவேன். பாடம் மட்டும்தான் திறக்கும்."

"தெரியும்."

"தினமும் கெஞ்சல் வரும். இன்னும் கொஞ்ச நேரம் குடுங்கன்னு என் வாட்ச்ல வந்து நிக்கும். ஒரே தட்டு. முடியாதுன்னு போயிடும். பவுலிங் ஆடிட்டு இருக்கும்போதுகூட, கையில பந்தை வெச்சுக்கிட்டே தட்டியிருக்கேன். கண்டிப்புன்னா அதுதான்."

ஹைடி நிமிர்ந்தாள்.

"எதுக்காகக் கேட்கறாங்கன்னு அதுலயே போட்டிருக்குமே, பார்க்க மாட்டியா?"

"அதுல பார்க்க என்ன இருக்கு? எதுக்குக் கேட்பாங்க, விளையாட்டுக்குத்தான்."

"பார்க்கவே மாட்டியா, டெரிக்?" அவள் குரல் மாறிவிட்டது. "நீ தெரிஞ்சேதான் முடியாதுன்னு சொல்றேன்னு நான் இத்தனை நாளா..."

அதற்குள் கடைக் கதவு திறந்தது. வெஸ்லி ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். கன்னமெல்லாம் சர்க்கரை. டெரிக் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். பின்னால் வந்த டெஸ்ஸா ஒரு காகிதப் பையுடன் தயங்கி நின்றாள்.

"என்ன மேடம்," என்றான் டெரிக், சிரிப்பும் குத்தலுமாக. "அம்மா வீட்டுக்குப் போனா அப்பாவை மறந்து போயிடுது இல்ல? ஒரு தடவை கூப்பிட்டா விரல் தேஞ்சா போயிடும்?"

டெஸ்ஸா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தினமும் கேட்டேனேப்பா."

"என்ன கேட்டே?"

"உங்களைக் கூப்பிடத்தான். இவன் படுக்கப் போறதுக்கு முன்னாடி அப்பா மூஞ்சியப் பார்க்கணும்னு அழுவான். டேப்லெட்ல வீடியோ கால் பூட்டியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் வேணும்னு அழுத்துவேன். உடனே நீங்க முடியாதுன்னு அனுப்பிடுவீங்க."

டெரிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. அரட்டை என்று மொத்தமாகப் பூட்டியதில் வீடியோ காலும் சேர்ந்தே பூட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தன்னைத் தேடி வந்து தட்டிய கதவைத் தானே திரும்பத் திரும்பச் சாத்தியிருக்கிறான், அதுவும் பெருமையாக.

"அம்மாகிட்ட போன் இருக்கே கண்ணு. அதுல கூப்பிட்டிருக்கலாமே?"

"அம்மா குடுத்தாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். நீங்க முடியாதுன்னு சொன்ன அப்புறமும் கூப்பிட்டா கோச்சுக்குவீங்கல்ல?"

டெரிக் ஹைடியைப் பார்த்தான். அவள் காருக்குள் தலையை விட்டு, ஏற்கெனவே சரியாக இருந்த பையைத் திரும்பவும் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"போ அக்கா, உனக்கு ஒண்ணும் தெரியல," என்று வெஸ்லி அப்பாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான். "அப்பா முடியாதுன்னு சொல்லவே இல்லை. அப்பாவுக்கு நம்மகூட பேச ரொம்ப ஆசை, ஆனா பாவம், வேலை விட மாட்டேங்குதுன்னு தினமும் அம்மா சொல்லித்தானே என்னைத் தூங்க வெக்கிறாங்க."